புழுவுக்கு ஒரு கறிவேப்பிலைச் செடி

எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு கறிவேப்பிலைச் செடிகள் உண்டு. அடுக்களைப் பக்கம் இருப்பது சாம்பாருக்கு. கிணற்றடியில் இருப்பது புழுவுக்கு.

முன்பெல்லாம் இலைமேல் காக்கை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால் உடனே வேப்பெண்ணெய்க் கரைசலைப் பீச்சிவிடுவேன். இயற்கை மருந்துதானே என்ற நினைப்பு. அது எச்சமில்லை, கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. பறவைகளை ஏமாற்ற அப்படியொரு வேஷம். நாலு முறை தோல் உரித்ததும் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு இரண்டை நீட்டி ஒரு நெடி விடும் பாருங்கள்! வேப்பெண்ணெயோ அந்தத் தோல் உரிப்பையே கெடுத்துவிடும்.

இப்போது சமையல் செடியில் புழுவைக் கண்டால் கையால் பிடுங்குவதில்லை. இலையோடு கிள்ளி, கிணற்றடிச் செடியின் கிளையில் செருகிவிடுவேன். அதுவே நகர்ந்து போய்விடும். இடுப்பளவுச் செடி என்றால் நாலைந்து புழுவுக்கு மேல் சேர்க்காதீர்கள். மொட்டையானாலும் பயப்பட வேண்டாம். கொஞ்சம் மக்கிய சாணம் வைத்தால் திரும்பத் துளிர்க்கும். அத்தைக்குத்தான் மனசு ஆறவில்லை: "புழுவுக்குப் போய் இவ்வளவு நல்ல இலையா?"

அப்புறம் மாமரச் சருகு. கொளுத்துவதை நிறுத்திவிட்டேன். ஆனால் பாம்பு பயம் நியாயமானது. அதனால் வீட்டுச் சுவரை ஒட்டிக் குவிக்காமல், மதில் மூலையில் கணுக்கால் உயரத்துக்குப் பரப்புகிறேன். தேரைகள் குடிவந்தன. நத்தை பொறுக்க ஒரு செம்போத்து வருகிறது.

சருகைக் கொல்லை முழுக்கவும் மூடாதீர்கள். வெயில் படும் இடத்தில் ஒரு பாய் அளவு வெறும் மண் கிடக்கட்டும். வீட்டுக்காரர் அங்கே சிமெண்ட் போட ஆளையே கூட்டி வந்துவிட்டார். சண்டை போட்டுத்தான் தடுத்தேன். வயிற்றில் நீலக்கோடு போட்ட தேனீ ஒன்று மண்ணில்தான் வளை தோண்டும். கத்தரி, தக்காளிப் பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்காரத்தோடு உலுக்கி மகரந்தத்தை உதிர்க்கும். நம் தேன்கூட்டுத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. ரோஜா இலையில் வட்டமாக வெட்டியிருந்தாலும் மருந்தைத் தூக்க வேண்டாம். அது இலைவெட்டித் தேனீ, கூட்டுக்கு வெட்டிப் போயிருக்கும். செடிக்கு ஒன்றும் ஆகாது.

தண்ணீருக்கு மண்தட்டு போதும். நடுவில் நாலு கூழாங்கல் போடுங்கள், இல்லையென்றால் தேனீ மூழ்கிவிடும். இரண்டு நாளைக்கு ஒருமுறை பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றி, தட்டின் ஓரத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துவிடுங்கள். கொசு முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும்.