கட்டிய தவணைக்கு வந்த நோட்டீஸ்

வங்கிக் கணக்கு மாற்றிய சமயம், பைக் கடனின் இரண்டு தவணைகளை வசூலுக்கு வந்தவரிடம் க்யூஆரில் கட்டியிருந்தேன். அப்புறம் பார்த்தால், பாக்கி இருக்கிறது, ஆர்பிட்ரேஷனுக்கு (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் விசாரணைக்கு) போவோம் என்று பைனான்ஸ் கம்பெனியின் நோட்டீஸ்!

கஸ்டமர் கேரில் "சிஸ்டத்தில் பெண்டிங் காட்டுது சார்", அவ்வளவுதான். பிராஞ்சில் பாஸ்புக்கைக் காட்டியும் பயனில்லை. பணம் போனது அதில் தெரியும். எந்தக் கடனில் வரவானது என்பது தெரியாது.

கடன் கணக்கு அறிக்கையை எழுதிக் கேட்டு வாங்கி, வசூல் ரசீதோடு வைத்துப் பார்த்தேன். ரசீதில் பெயர் என்னுடையதுதான். ஒப்பந்த எண்ணில் மட்டும் 6 இருக்க வேண்டிய இடத்தில் 8. பணம் வேறு யாருடைய கடனிலோ ஏறியிருந்தது.

இரண்டின் நகலையும் இணைத்து, நோட்டீஸ் எண்ணைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் பதில் போட்டேன். 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மனிடம் போவேன் என்றும் ஒரு வரி. நோட்டீஸ் வாபஸ், தவணை திரும்பியதாகப் போட்ட பவுன்ஸ் சார்ஜும் ரத்து. அப்பாடா! கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் சிபிலில் ஏறிய பாக்கியை நீக்கத்தான் தனியாக மனு கொடுக்க வேண்டியிருந்தது.