வடதுருவப் பக்க ப்ளைட்: தூரமும் நேரமும் நீங்களே கணக்குப் போடலாம்

வெள்ளவத்தையில் நோர்வேச் சொந்தம் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்கவேண்டும், அதிலும் மீன் தொழிற்சாலை வேலைக்கென்று நோர்வேயின் வடகோடி மாகாணமான ஃபின்மார்க் வரை போனவர்கள் கொஞ்சப் பேர் இல்லை. அவர்களைப் பார்க்கிற சாட்டில் துருவ ஒளியையும் பார்த்துவிடலாம் என்று மேப்பை விரித்தால் வட நோர்வே நகரங்களான ட்ரோம்சோவுக்கும் கிர்கெனஸுக்கும் இடையில் ஒரு நாடளவு இடைவெளி தெரியும். மேப்பை நம்பாதீர்கள்.

இரண்டு விமான நிலையங்களின் அகலாங்கு, நெட்டாங்கை கூகுள் மேப்பில் எடுங்கள். ட்ரோம்சோ வடக்கு 69.7, கிழக்கு 18.9, கிர்கெனஸ் வடக்கு 69.7, கிழக்கு 29.9. அகலாங்கு ஒன்றேதான், ஆகவே நெட்டாங்கு வித்தியாசமான 11 பாகையை மட்டும் பார்த்தால் போதும். கொழும்பில் ஒரு பாகைக்கு 110 கிலோமீற்றர், அதை அப்படியே பெருக்கினால் 1,200க்கு மேல் போகும், அது பிழை. நெட்டாங்குக் கோடுகள் எல்லாம் துருவத்தில் போய்ச் சேர்வதால் மேலே போகப் போக இடைவெளி ஒடுங்கும், எவ்வளவு ஒடுங்கும் என்பதற்குத்தான் ஓ/எல் படிக்கும்போது வெறுத்த அந்தக் கோசைன். கல்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு கோசைன் 69.7 அடியுங்கள், 0.347 வரும். நிலநடுக்கோட்டில் ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர், ஆகவே 11 × 111 × 0.347, ஏறக்குறைய 424 கிலோமீற்றர். இன்னும் நுணுக்கமாகப் போட்டாலும் ஒன்றிரண்டு கிலோமீற்றர்தான் மாறும். ரத்மலானை–பலாலியே 330 வருகிறது!

அகலாங்கும் மாறினால் சராசரி அகலாங்குக்குக் கோசைன் எடுத்து, கிழக்கு-மேற்குத் தூரத்தையும் வடக்கு-தெற்குத் தூரத்தையும் (அகலாங்கு வித்தியாசம் × 111) பைதகரஸில் போடுங்கள். கனடாவின் இக்கலூயிட்–ரெசொலூட்டுக்கு இப்படி 1,600 வரும், உண்மைத் தூரம் 1,575. ட்ரோம்சோவிலிருந்து ஸ்வால்பார்ட் தீவுகளின் லொங்கியர்பியனுக்கு இன்னும் சுலபம், கிட்டத்தட்ட நேர் வடக்கு, அகலாங்கு வித்தியாசம் 8.6 × 111 என்று முடிந்துவிடும்.

அப்புறம் நேரம். டாஷ் 8 மாதிரி விசிறி பிளேன் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் போகும், அதனால் கிர்கெனஸுக்கு 50 நிமிடம், ஏறி இறங்க இன்னும் கால் மணித்தியாலம், இருபது நிமிடம் சேருங்கள். லொங்கியர்பியனுக்கு போயிங் 737 போகிறது, 800 என்று வைத்தால் ஏற்ற இறக்கத்தோடு ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல். ஆனால் ஃபின்மார்க்கின் சிறிய பிளேன்கள் பல காலி வீதி பஸ் மாதிரி ஹம்மர்ஃபெஸ்ட், வாட்சோ என்று வழியில் இறங்கி ஆளேற்றும். டிக்கெட்டில் எத்தனை இறக்கம் என்று பாருங்கள், நேரம் இரட்டிப்பாவது அதில்தான். புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் கழித்துப் பார்க்கிறவர்கள் நேர வலயத்தையும் கவனியுங்கள்: ரெசொலூட் இக்கலூயிட்டை விட ஒரு மணித்தியாலம் பின்னுக்கு. கிர்கெனஸ் இஸ்தான்புல்லை விடக் கிழக்கே கிடந்தும் ஒஸ்லோ நேரம்தான்.

லொங்கியர்பியன் இருக்கிற ஸ்வால்பார்ட் நோர்வேயுடையதுதான், ஆனால் ஐரோப்பாவின் பொது விசா வலயமான ஷெங்கனுக்கு வெளியே. இலங்கைப் பாஸ்போர்ட்டில் ஒற்றை நுழைவு விசாவோடு அங்கே போனால் திரும்ப ட்ரோம்சோவுக்குள் வர முடியாது, ஆகவே இரட்டை நுழைவு விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டு டிக்கெட் பக்கம் போங்கள்.