கோலத்துக்கும் நிழல் உண்டு

போனில் சின்னச் சின்னப் பொருட்களைக் கிட்டப் போய்ப் படம் எடுக்க, முதலில் லென்ஸைத் துடையுங்கள். கடலூர் முதுநகரில் கடல் காற்றின் பிசுபிசுப்பு எதையும் விடாது. மூன்று மாதம் மங்கலாகவே எடுத்துவிட்டுப் போனைத் திட்டிக்கொண்டிருந்தேன். பழைய பருத்தி வேட்டித் துண்டு அதைச் சரிசெய்தது.

எங்கள் வாசல் கிழக்குப் பார்த்தது. காலை ஆறரை மணிக்கு வெயில் தாழ்ந்து வரும்போது கோலப்பொடிக்கும் நிழல் விழும். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையை ஒட்டி வரும். திரையில் கோலத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள், ஃபோகஸ் நிற்கும். அப்புறம் விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். இல்லையென்றால் வெள்ளை வெளுத்துப்போகும்.

அரிசி மாவுக் கோலமாக இருந்தால் நல்லது, கல்மாவுக்கு எறும்பு வராது. போன வாரம் ஓர் எறும்பு மாவுத் துணுக்கோடு புள்ளி புள்ளியாக நடந்தது. அரை மணி நேரம் குந்தியிருந்தேன். உள்ளிருந்து "காபி ஆறுதுங்க" என்று மூன்று தடவை குரல் வந்தது.

தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனால் கடலை விடுங்கள், அதை எல்லோரும் எடுக்கிறார்கள். காயும் வலையின் ஒரு முடிச்சு போதும். "எடுத்துக்கட்டுமா அண்ணே?" என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

ராத்திரி ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். சரி, எறும்புப் படம் மட்டும் என்னிடம் நாலு இருக்கிறது.