முதலில் மனக்கணக்கு, பிறகு பெட்டி

ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கர் இருக்கிறது. 17 பெருக்கல் 8 எவ்வளவு என்று என் மகள் அதைக் கேட்பாள், சொன்னதை நோட்டில் எழுதுவாள். மறுநாள் அதே கணக்குக்கு மறுபடியும் அதையே கேட்பாள்.

மூளை மழுங்கிவிடும் என்றார் மாமியார். அது மிகை. பிறகு தேடிக்கொள்ளலாம் என்று நம்பும் தகவலை நாம் குறைவாகவே நினைவில் வைக்கிறோம் என்று 2011-இல் சயின்ஸ் இதழில் பெட்சி ஸ்பாரோ குழுவினர் எழுதினார்கள். அவர்களுடைய சோதனைகளில் ஒன்றை 2018-இல் வேறு குழு திரும்பச் செய்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. ஆனால் விடையைத் தானே நினைவுகூர முயன்றால் பாடம் நிலைக்கும் என்பது பலமுறை உறுதியானது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுப்பாட நேரத்தில் மைக்கை அணைக்கும் பொத்தானை அழுத்திவிடுகிறேன். 17-ஐ 10, 7 என்று பிரித்து, 80-உம் 56-உம் கூட்டி, 136 என்று அவள் எழுதியாக வேண்டும். சரிபார்க்க மட்டுமே பெட்டி. முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். காசிமேட்டில் மீன் வாங்கும்போது முக்கால் கிலோவுக்கு விலை சொல்வதும் இப்போது அவள் பொறுப்பு. மீன்கார அம்மா அவளை முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார். அதில்தான் அவளுக்கு ரோஷம்.

மாமியாரின் மாத்திரை நேரத்தைப் பெட்டியே பார்த்துக்கொள்கிறது. அங்கே மூளைப் பயிற்சி எதற்கு? மைக் அணைந்திருந்தாலும் ஏற்கெனவே வைத்த அலாரம் ஒலிக்கும்.