முட்டைக்குள் மாட்டிக்கொண்ட குஞ்சை எப்படிக் காப்பாற்றுவது?

அடைக்கோழி 21 நாள் படுத்துக்கிடந்து ஏழெட்டுக் குஞ்சு பொரித்ததும், அதுகளைக் கூட்டிக்கொண்டு எழும்பிப் போய்விடும். மிச்சமாய்க் கிடக்கும் ஒன்றிரண்டு முட்டையைக் கூமுட்டை என்று தேயிலைச் செடிகளுக்குள் வீசுமுன் காதில் வைத்துப் பாருங்கள். உள்ளே தட்டுகிற சத்தமோ மெல்லிய ‘கீச்’சோ கேட்டால் ஆள் உயிரோடுதான் இருக்கிறார்.

முதல் வேலை சூடு. இலங்கை மலைநாட்டில் நுவரெலியாப் பக்கம் தை மாத இரவில் குளிர் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும், தாய் எழும்பிப் போன முட்டை லயத்துக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில்) சீக்கிரமே சில்லிட்டுவிடும். ஒரு பிஸ்கட் பெட்டியில் சாக்கை விரித்து மேலே 40 வாட் குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள் (எல்.இ.டி. பல்பில் வெளிச்சம்தான் வரும், சூடு வராது). முட்டை இருக்கும் இடத்தில் 37 டிகிரி இருக்கட்டும். பக்கத்தில் ஒரு கோப்பையில் ஈரத்துணி. காற்று காய்ந்தால் ஓட்டுக்கு உள்ளே இருக்கும் சவ்வு இறுகிக் குஞ்சைக் கட்டிப்போட்டுவிடும்.

அப்புறம் சும்மா இருங்கள். இதுதான் கஷ்டம். ஓட்டில் முதல் ஓட்டை விழுந்து குஞ்சு வெளியே வர ஒரு நாள் வரைகூட ஆகும், அதற்குள் அது சவ்வில் ஓடும் ரத்தத்தையும் வயிற்றோடு ஒட்டிய மஞ்சட்கருவையும் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். என் முதல் குஞ்சைக் கொன்றது நான்தான்: நாலு மணி நேரம் பார்த்துவிட்டுப் பொறுக்காமல் உரித்தேன், நகத்தடியில் ரத்தம் வந்தது, விடியுமுன் போய்விட்டது.

எப்போது கைவைக்கலாம்? ஓட்டை விழுந்து 24 மணி நேரம் தாண்டியும் அது பெரிதாகவில்லை என்றால், அல்லது விளிம்பில் தெரியும் சவ்வு பழுப்பாகித் தோல் மாதிரிக் காய்ந்திருந்தால். கையைக் கழுவி, பஞ்சை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துச் சவ்வை ஈரமாக்குங்கள், மூக்குத் துளையில் ஒரு சொட்டும் போகக்கூடாது. ஓட்டையிலிருந்து முட்டையின் பருத்த பக்கத்தைச் சுற்றி, அரிசியளவு அரிசியளவாக ஓட்டுத் துண்டுகளை எடுங்கள். சிவப்பு நரம்பு தெரிந்தாலோ ஒரு பொட்டு ரத்தம் வந்தாலோ நிறுத்தி, மூக்கை மட்டும் விட்டு ஈரத்துணியால் சுற்றிச் சூட்டில் வைத்துவிட்டுச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். குஞ்சு எதையோ மெல்லுவதுபோல் வாயை அசைத்துக்கொண்டே இருந்தால் மஞ்சட்கரு இன்னும் உள்ளே போகவில்லை. மூடிபோல மேல் ஓடு கழன்றதும் போதும், மிச்சத்தை அதுவே உதைத்துத் தள்ளட்டும். தொப்புளில் ஏதாவது தொங்கினால் இழுக்காதீர்கள், தானாகக் காய்ந்து விழும்.

வந்த குஞ்சு ஈரமாய், பார்க்கவே பாவமாய்க் கிடக்கும். காயும்வரை பல்புக்கு அடியிலேயே விடுங்கள். வயிற்றில் மஞ்சட்கரு இருப்பதால் இரண்டு நாள் தீன் இல்லாவிட்டாலும் தாங்கும். நிற்கத் தொடங்கியதும் அரைக் கோப்பைத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சீனி கரைத்து அலகு நுனியை நனையுங்கள், முதல் நாளுக்கு மட்டும். தண்ணீரை மூடியில் வைத்து உள்ளே கூழாங்கல் போடுங்கள், இல்லாவிட்டால் விழுந்து நனைந்துவிடும். தீனுக்குக் கடையில் விற்கும் குஞ்சுத் தீன்தான் நல்லது, வெறும் குறுணல் மட்டும் போதாது.

முதல் வாரம் பெட்டிக்குள் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறையுங்கள். வெப்பமானி இல்லாவிட்டால் குஞ்சே சொல்லும்: பல்புக்கடியில் ஒடுங்கினால் குளிர், ஓரத்துக்குப் போய் வாயைத் திறந்து மூச்சுவாங்கினால் சூடு அதிகம். கரண்ட் போனால் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி வையுங்கள். கரி அடுப்பை மட்டும் மூடிய காம்பராவுக்குள் கொண்டுவராதீர்கள், அதிலிருந்து வரும் நச்சு வாயு குஞ்சோடு உங்களையும் கொல்லும்.

கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துபோனால் பெரும்பாலும் வழுக்குகிற பேப்பர் விரிப்புதான் காரணம், அதை எடுத்துவிட்டுச் சாக்கைப் போடுங்கள். பிளாஸ்டர் துண்டால் இரண்டு காலையும் இயல்பாக நிற்கும் அகலத்துக்கு இணைத்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் நேராகும். ஆசனவாயில் எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் துடையுங்கள், பிய்க்காதீர்கள்.

தேறிய குஞ்சைத் தாயிடம் விடுவதென்றால் முதல் இரண்டு நாளுக்குள், அதுவும் ராத்திரியில், இருட்டில் செட்டைக்கு அடியில் மெல்லச் செருகிவிடுங்கள். விடிந்ததும் போய்ப் பாருங்கள், தாய் கொத்தினால் திரும்பப் பெட்டிக்குத்தான்.