சிங்கராஜ வனத்துக்குப் போக முன் சித்தியிடம் ஆள் கணக்குக் கேளுங்கள்

ஓகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளோடு இலங்கையின் தெற்கே இருக்கிற மழைக்காடான சிங்கராஜ வனத்தில் கூடாரம் அடிக்கலாம் என்று கனடாவில் இருந்தே திட்டம் போடுகிறவர்கள், முதலில் அந்தக் கனவை எல்லைக்கு வெளியே தள்ளி வையுங்கள். காட்டுக்குள் நினைத்த இடத்தில் இரவு தங்க விடமாட்டார்கள். குடாவ, தெனியாய பக்கங்களில் வனத்தை ஒட்டிய தனியார் காணிகளில்தான் கூடாரம். வருடத்துக்கு 3,600 முதல் 5,000 மில்லிமீற்றர் வரை மழை கொட்டுகிற இடம். அதனால் கீழே விரிக்கும் தறப்பாள் கூடாரத்தின் அடியை விட நாலு விரல் சிறிதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணியை ஏந்திப் படுக்கைக்குக் கீழே கொண்டுவந்து விடும்.

இது சின்ன விசயம். பெரிய விசயம் யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரரிடம் வாய் திறந்தவுடன் தொடங்கும். “தம்பி, நாங்களும் ஒருக்காலும் பாக்கேல்லை” என்று சித்தி சொன்னால், ஐந்து பேருக்குப் பேசிய வான் பன்னிரண்டு பேருக்குப் போதாது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாக் கொடி ஏறியிருந்தால் இருபத்தைந்து நாளும் மீன், இறைச்சி என்று மச்சம் இல்லை; ஆகவே சமையலுக்குத் தனிச் சட்டி, தனி அகப்பை. ஒரே நாளில் ஓடாதீர்கள், இரத்தினபுரியில் இரவு தங்குங்கள். முழங்கால் நோகிறவர்களுக்கு அறை எடுங்கள். கூடாரம் இளசுகளுக்கு.

ரிக்கெற் கவுண்டரில்தான் உண்மையான சோதனை. உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு அதைவிடப் பல மடங்கு. மச்சான் முந்திக்கொண்டு “எல்லாரும் எங்கட ஆக்கள்” என்று சொன்னால், எல்லாரிடமும் அடையாள அட்டை கேட்பார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை இங்கிலிசில் பதில் சொல்லும். அதோடு கதை முடிந்தது. ரிக்கெற் இல்லாமல் வழிகாட்டி அசையமாட்டார், வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. பறவைக் கூட்டம் நன்றாகத் தெரிகிற காலை நேரம் அந்த வாக்குவாதத்திலேயே போய்விடும். ஆகவே இரண்டு பட்டியலாக எழுதி, அடையாள அட்டை ஒரு கட்டு, கடவுச்சீட்டு ஒரு கட்டு என்று நீங்களே நீட்டுங்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டைக் காட்டுங்கள். பிறந்த நாட்டில் வெளிநாட்டுக்காரன் விலை கொடுப்பது உறுத்தும்தான். கொடுத்துவிட்டு நடவுங்கள்.

சித்தியை மறுக்கலாமா என்று கேட்பீர்கள். 2006 ஓகஸ்டில் போரால் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதியைப் பூட்டினபோது அவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள், நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, பெரிய வானாகப் பேசுங்கள்.

இரத்தம் குடிக்கும் காட்டு அட்டைக்கு: முழங்கால் வரை வரும் நெருக்கமான பருத்திச் சொக்ஸை நீளக் காற்சட்டைக்கு மேலே இழுத்துக் கட்டுங்கள், வெளிப்பக்கம் சவர்க்காரம் தேயுங்கள். கடித்தால் உப்பும் நெருப்பும் வேண்டாம். அட்டை வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள் கக்கும். ஒடுங்கிய வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்துத் தள்ளினால் கழன்றுவிடும். இரத்தம் உறையாதபடி அது எச்சில் விட்டிருப்பதால் கொஞ்ச நேரம் வழியும், பயப்படத் தேவையில்லை.

பயப்பட வேண்டியது சருகு நிறத்தில் கிடக்கும் கூன்மூக்கு விரியனுக்கு, சிங்களத்தில் குணகட்டுவா. நாட்டில் பாவிக்கும் இந்திய விசமுறி மருந்து இதன் கடிக்கு வேலை செய்யாது. இருட்டில் கழிப்பறைக்குப் போகிறவர் கையில் ரோச், காலில் மூடிய சப்பாத்து. சித்தி செருப்போடு இறங்குவா, தடுங்கள்.

அட்டை கடித்து அவவின் சீலையில் பட்ட இரத்தத்தைப் பச்சைத்தண்ணியில் உடனே அலசுங்கள். சுடுதண்ணி பட்டால் கறை நின்றுவிடும்.