ஆற்றல் வாள் பழகுவது எப்படி: ஒரு டார்ச்சோடு தொடங்கலாம்

விண்வெளிப் படம் பார்த்துவிட்டு வந்து மாப் கம்பைச் சுழற்றாதவர்கள் நம்மில் குறைவு. நானும் சுழற்றியவன்தான். ஆனால் பட்டனைத் தட்டினால் ஒளிரும் வாள் நிஜமாகவே கைக்கு வந்தால், அந்தக் கம்புப் பழக்கம் உதவாது, காலைத்தான் வாரும். ஏன் என்று செய்தே பார்க்கலாம். அரை கிலோ எடையுள்ள நீளமான டார்ச், ஏறக்குறைய அதே எடையில் 90 செ.மீ. கம்பு, ஊதுபத்தி, இருட்டறை. இவ்வளவுதான் தேவை.

படி 1: அது ஒளி இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஊதுபத்தியைக் கொளுத்தி, விளக்கை அணைத்து, டார்ச்சை அடியுங்கள். புகை இருக்கும் இடத்தில் மட்டும் கற்றை தெரியும். குறுக்கே செல்போன் விளக்கை அடித்தால், இரண்டு கற்றைகளும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் சுவர் வரை போய்விடும். ஒளி பாதியில் நிற்காது, மோதவும் மோதாது. ஆகவே லேசர் கணக்கு உதவாது. மிஞ்சுவது பிளாஸ்மா, அதாவது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரியும் அளவுக்குச் சூடான வாயு. அதைக் காந்தப்புலத்தால் பிடித்து வைக்கலாம். அணுக்கரு இணைவு ஆய்வில் டோகமாக் இயந்திரங்கள் செய்வது இதைத்தான். அந்த இயந்திரத்தைக் கைப்பிடிக்குள் அடக்கிவிட்டார்கள் என்ற ஒரே ஒரு பொய்யை மட்டும் ஒப்புக்கொண்டு மேலே போவோம். ஒளிரும் பகுதியை இனி ‘தண்டு’ என்கிறேன்.

படி 2: எடை எங்கே என்று கையால் உணருங்கள்

90 செ.மீ. நீளம், 3 செ.மீ. தடிமன் உள்ள தண்டுக்குள் சாதாரணக் காற்று இருந்தாலே முக்கால் கிராம்தான். அதே அழுத்தத்தில் 12,000 டிகிரிக்குச் சூடாக்கினால், விரிந்து போய் ஒரு கிராமில் ஐம்பதில் ஒரு பங்குகூட உள்ளே மிஞ்சாது. எடை முழுக்கக் கைப்பிடியில்தான்.

கம்பின் ஒரு நுனியைப் பிடித்து வீசி, சட்டென்று நிறுத்துங்கள். மணிக்கட்டு இழுபடும். டார்ச்சை அப்படியே வீசி நிறுத்துங்கள், ஒன்றுமே தெரியாது. டார்ச்சின் நீளம் 25 செ.மீ. என்றால், சுழலுக்கு அது காட்டும் எதிர்ப்பு கம்பினுடையதில் 13-இல் ஒரு பங்கு. இரண்டும் அரை கிலோதான், ஆனால் நிலைமத் திருப்புத்திறனில் நீளம் வர்க்கமாக வருகிறது.

படி 3: நிறுத்தப் பழகுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். கம்பின் நுனி எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே நமக்குத் தெரிகிறதே, அது எடை மணிக்கட்டுக்கு அனுப்பும் செய்தி. தண்டு அப்படி எதையும் அனுப்பாது.

இருட்டில் நின்று, டார்ச்சால் எட்டு வடிவத்தை ஒரு நிமிடம் போடுங்கள். வெளிச்சம் உங்கள் உடம்பில் எத்தனை முறை படுகிறது என்று யாரையாவது எண்ணச் சொல்லுங்கள். முதல் நாள் என் தங்கை எண்ணினாள்: 14. அதில் ஒன்பது, இடது முழங்காலில். “உனக்குக் காலே இல்லை அண்ணா” என்றாள். முழங்கையை விலாவோடு ஒட்டி, வீச்சைச் சுருக்கி, ஒவ்வொரு வீச்சையும் நடுவில் நிறுத்தி நிறுத்திச் செய்தால் எண்ணிக்கை மளமளவென்று குறையும்.

படி 4: மோதலில் நெம்புகோலை மறக்காதீர்கள்

இரண்டு தண்டுகள் மோதினால், ஒத்த துருவக் காந்தங்கள் போல அவற்றின் புலங்கள் தள்ளிக்கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். தண்டுக்கு எடை இல்லாவிட்டாலும் அந்தத் தள்ளல் கைப்பிடிக்கு வந்து சேரும். இரு கைகளுக்கும் இடைவெளி 15 செ.மீ.; முன் கையிலிருந்து 80 செ.மீ. தள்ளி, 10 கிலோ எடை அளவுக்கு எதிராளி தள்ளுகிறார் என்றால், பின் கை 50 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். அதே தள்ளலை 20 செ.மீ. தூரத்தில் வாங்கினால் 13 கிலோ போதும். நுனியில் தடுக்காதீர்கள், கைப்பிடிக்கு அருகில் வாங்குங்கள். எஃகு வாள் பழகியவர்களும் இதையேதான் சொல்வார்கள்.

படி 5: வெட்டும்போது அவசரப்படாதீர்கள்

இதற்குக் கூர்முனை கிடையாது, எந்தப் பக்கமும் வெட்டும், பலமும் வேண்டாம். நேரம்தான் வேண்டும். 10 செ.மீ. தடிமனுள்ள எஃகுக் கதவில் ஒரு மீட்டர் அகல வட்ட ஓட்டை போட, வட்டத்தின் ஓரத்தில் தண்டின் தடிமனான 3 செ.மீ. அகலத்துக்கு மட்டும் உருக்கினாலும், சுமார் 74 கிலோ எஃகை உருக்க வேண்டும். கிலோவுக்கு ஒரு மெகாஜூலுக்கு மேல் ஆகும். மொத்தத்தில் 20 யூனிட் மின்சாரத்துக்கு மேல். ஆயிரம் செல்போன் பேட்டரிகளை ஒன்றாகக் கட்டினாலும் போதாது. அதைப் பத்தே நொடியில் முடிப்பதென்றால் கைப்பிடி ஒரு குட்டி மின்நிலையம்தான்.

ஈரமானதை வெட்டும்போது தள்ளி நில்லுங்கள். தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும்; தர்பூசணி வெட்டுப்படாது, வெடிக்கும்.

படி 6: பட்டன்

அழுத்திப் பிடித்திருக்கும் வரை மட்டும் எரியும் பட்டன் வேண்டும். கை நழுவினால் தண்டு அணைய வேண்டும், இல்லையேல் கீழே விழுவதற்குள் அது எதை எதைத் தொடும் என்று சொல்ல முடியாது. டார்ச்சிலும் அப்படிப்பட்ட பட்டன் உள்ளதையே வாங்குங்கள்.

படி 3-இன் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் இரண்டு பேர் பயிற்சி. என்னுடையது இப்போது நான்கில் நிற்கிறது. நான்கும் அதே இடது முழங்கால்.